வாய்ச்சொல்லும் கையொப்பமும்



2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். அன்றைய செபமாலை முடிந்து ஆலயக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது அமெரிக்காவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நம் பங்கிலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் அங்கே குடியேறிய குடும்பம். வழக்கமான நலவிசாரிப்பு முடிந்ததும் தகப்பனார் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஃபாதர், ஒருத்தருக்குக் கொடுத்த வாக்கை மாத்துனா அது பாவமா?"

விஷயம் இதுதான். அவருடைய மகள் பள்ளியில் கைப்பந்து ஆடுகிறாள். பதினோராம் வகுப்பில் இருந்தபோதே ஒரு சிறிய கத்தோலிக்கக் கல்லூரியின் பயிற்சியாளர் அவளை அழைத்து, "எங்கள் அணிக்கு வா, ஸ்காலர்ஷிப் உண்டு" என்றார். அவளும் "வருகிறேன்" என்று சொல்லிவிட்டாள். வீட்டில் கேக் வெட்டினார்கள். ஊரில் இருக்கும் தாத்தாவுக்கும் சொல்லியாயிற்று. பன்னிரண்டாம் வகுப்புத் தொடங்கியதும் எழுத்தில் தாள் வந்தது. அதில் பாதிக் கட்டணத்துக்கு மட்டுமே உதவி. 'ஸ்காலர்ஷிப்' என்றால் எவ்வளவு என்று அதுவரை யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. இடையில் தகப்பனாருக்கு வேலை போய்விட்டது. இந்த நேரத்தில் ஒரு பெரிய பல்கலைக்கழகம் முழுச் செலவையும் ஏற்பதாக அழைத்திருக்கிறது. கையொப்பமிடும் நாள் நவம்பரில்.

"இங்கே எல்லாரும் மாத்துறாங்க ஃபாதர், அது சகஜம்னு சொல்றாங்க. ஆனா எங்க அப்பா போன்ல, 'வாய்ச்சொல்தான்யா பத்திரம்'னு ஒரே வார்த்தையில் முடிச்சிட்டார். பிள்ளை ரெண்டு நாளா சாப்பிடல."

அன்று அவருக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அங்கே அந்த 'வாக்கு' என்பது எப்படிப்பட்டது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தெரிந்துகொண்டதை அவர்களுடைய அனுமதியோடும், அடையாளம் தெரியாத வகையிலும் இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவில் பிள்ளைகளை வளர்க்கும் நம் குடும்பங்களுக்கு இது பயன்படும். வாக்குக் கொடுக்கும், வாக்கு வாங்கும் நம் எல்லாருக்குமே இதில் பாடம் உண்டு.

கல்லூரி விளையாட்டு என்னும் பெரிய உலகம்

நம் ஊரில் விளையாட்டு வீரருக்குக் கல்லூரியில் 'ஸ்போர்ட்ஸ் கோட்டா' என்று சில இடங்கள் இருக்கும். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே கல்லூரி விளையாட்டே ஒரு பெருந்தொழில். 1906இல் தோன்றிய என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு இதற்கான விதிகளை வகுக்கிறது. அதன்கீழ் கல்லூரிகள் மூன்று பிரிவுகளாக உள்ளன. முதல் இரண்டு பிரிவுகளில் விளையாட்டுக்காக உதவித்தொகை தரலாம். மூன்றாம் பிரிவில் தரக்கூடாது. ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் முதல் பிரிவில் ஆடினாலும் விளையாட்டுக்காகப் பணம் தருவதில்லை.

நம் திருச்சபையின் நிறுவனங்களும் இந்த உலகத்துக்கு வெளியே இல்லை. திருச்சிலுவை சபையார் 1842இல் தொடங்கிய நாட்டர்டேம், இயேசு சபையாரின் பாஸ்டன் கல்லூரியும் ஜார்ஜ்டவுனும், அகுஸ்தீன் சபையாரின் வில்லனோவா ஆகிய எல்லாமே முதல் பிரிவில் ஆடுகின்றன. நம் திருத்தந்தை 14ஆம் லியோ 1977இல் கணிதத்தில் பட்டம் பெற்றது இந்த வில்லனோவாவில்தான். அதன் கூடைப்பந்து அணி 1985, 2016, 2018 ஆகிய ஆண்டுகளில் நாட்டின் வாகையர் பட்டத்தை வென்றது. எனவே, இங்கே நாம் எழுப்பும் கேள்விகள் நம் சொந்த வீட்டுக்கும் உரியவையே.

இத்தனை பெரிய உலகத்தில் இடம் கிடைப்பது எளிதல்ல. பள்ளியில் ஆடும் மாணவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு இருவருக்கே கல்லூரியில் விளையாட்டு உதவித்தொகை கிடைப்பதாக என்.சி.ஏ.ஏ.வே சொல்கிறது. கல்லூரிக் கட்டணமோ மலைபோல் உயர்ந்திருக்கிறது. ஆதலால், ஒரு பயிற்சியாளரின் வாயிலிருந்து 'ஸ்காலர்ஷிப்' என்ற சொல் விழுந்தவுடன் பெற்றோரும் பிள்ளையும் வேறொன்றும் கேட்கத் தோன்றாமல் தலையாட்டிவிடுகிறார்கள்.

வாய்மொழி உறுதி என்றால் என்ன?

நம் வழக்கத்தில் ஒரு திருமணத்துக்குப் பல படிகள் உண்டு. முதலில் பெண் பார்க்க வருவார்கள். பிறகு பெரியவர்கள் பேசி முடிப்பார்கள். அதன்பின் நிச்சயதார்த்தம். ஆலயத்தில் ஓலை வாசிப்பார்கள். இறுதியில் திருமணம், பதிவேட்டில் கையொப்பம். பேசி முடித்தவுடன் ஊரார் 'சம்பந்தி' என்று அழைக்கத் தொடங்கினாலும், திருமணம் ஆகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் 'வெர்பல் கமிட்மென்ட்' என்பது ஏறக்குறைய இந்தப் 'பேசி முடித்தல்' போன்றதே. பயிற்சியாளர் வாயால் அழைக்கிறார், மாணவர் வாயால் இசைகிறார். எழுத்து இல்லை, கையொப்பம் இல்லை. மாணவரையும் அது சட்டப்படிக் கட்டுவதில்லை, கல்லூரியையும் கட்டுவதில்லை. மாணவர் வேறு கல்லூரிக்குப் போகலாம். பயிற்சியாளரும் நாளை அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாம்.

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. கையொப்பம் ஆகும்வரை ஒரு மாணவரைப் பற்றிக் கல்லூரிப் பயிற்சியாளர் பொதுவில் கருத்துச் சொல்ல விதி இடம் தருவதில்லை. ஆகவே, "நான் இந்தக் கல்லூரிக்குச் செல்கிறேன்" என்று உலகுக்கு அறிவிப்பவர் மாணவர் மட்டுமே. கல்லூரி "ஆம், உண்மைதான்" என்று வெளிப்படையாகச் சொல்லாது. பெண்வீட்டார் மட்டும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை வீட்டார் வாய் திறக்காமல் இருப்பது போன்ற நிலை இது.

இதன் ஆபத்தை ஒரு துயரச் செய்தி காட்டியது. 2008இல் நெவாடா மாநிலத்தில் ஒரு பள்ளி மாணவர், தன் பள்ளியில் எல்லாரையும் கூட்டி, பெரிய பல்கலைக்கழகம் ஒன்று தன்னைத் தேர்ந்துகொண்டதாக அறிவித்தார். பிறகுதான் தெரிந்தது, எந்தக் கல்லூரியும் அவரை அழைக்கவே இல்லை என்று. எல்லாவற்றையும் தாமே புனைந்ததாக அவரே ஒப்புக்கொண்டார். அவரைக் கண்டு சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு 'ஆம்' என்ற சொல்லுக்காக ஒரு பிள்ளையின் உள்ளம் எவ்வளவு ஏங்கியிருந்தால் இப்படிச் செய்திருக்கும்!

பேச்சு எழுத்தாக மாறுவது எப்போது?

முன்பெல்லாம் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடமே வாக்கு வாங்கும் வழக்கம் பரவியிருந்தது. 2010இல் டேவிட் சில்ஸ் என்ற 13 வயதுச் சிறுவன் ஏழாம் வகுப்பில் இருந்தபோதே தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணிக்கு வாய்மொழி உறுதி கொடுத்தது நாடெங்கும் செய்தியானது. 2013இல் அவனை அழைத்த பயிற்சியாளர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். சில்ஸ் இறுதியில் சேர்ந்தது மேற்கு வர்ஜீனியாவில். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்காக அழைக்கப்பட்டவர், அங்கே பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரராகவே பெயர் பெற்றார். பதின்மூன்று வயதில் யாருக்குத்தான் தன் நாளைய உருவம் தெரியும்?

இந்தப் போக்கைக் கட்டுப்படுத்த விதிகள் வந்தன. 2017இல் லக்ராஸ் விளையாட்டில் தொடங்கி, 2019இல் பெரும்பாலான விளையாட்டுகளுக்கும் விரிந்தன. இப்போது கைப்பந்து உள்ளிட்ட பல விளையாட்டுகளில், மாணவர் பத்தாம் வகுப்பு முடித்த ஜூன் 15க்கு முன்பு முதல் பிரிவுக் கல்லூரிகளின் பயிற்சியாளர் அவரோடு சேர்க்கை பற்றிப் பேசக்கூடாது. சில விளையாட்டுகளுக்குத் தேதி வேறு. எழுத்து வடிவிலான உதவித்தொகை அழைப்பைப் பன்னிரண்டாம் வகுப்புத் தொடங்கும் ஆகஸ்ட் 1க்கு முன் தரக்கூடாது. ஆக, பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே ஓராண்டுக்கும் மேலான இடைவெளி இருக்கலாம். அந்த இடைவெளி முழுவதும் வெறும் நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

கையொப்பம் என்பதும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1964 முதல் 'நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்ற ஒப்பந்தத் தாள் இருந்தது. மாணவர் அதில் கையொப்பமிட்டால் அந்தக் கல்லூரியில் ஓராண்டு படிக்க வேண்டும், கல்லூரியும் அந்த ஓராண்டுக்கு உதவித்தொகை தர வேண்டும். மீறினால் மாணவர் விளையாடும் உரிமையில் இழப்பு நேரிடும். அறுபது ஆண்டுகளுக்குப் பின், 2024 அக்டோபரில் அந்தத் தாள் முடிவுக்கு வந்தது. இப்போது அதன் இடத்தில் இருப்பது கல்லூரியே தரும் நிதியுதவி ஒப்பந்தம். அதில் கையொப்பமிட்டபின் பிற கல்லூரிகள் அந்த மாணவரை அழைக்கக்கூடாது.

பழைய தாளில் தெளிவாக இருந்த ஒரு கருத்து இன்றும் நினைவில் கொள்ளத்தக்கது: மாணவர் கையொப்பமிடுவது கல்லூரியோடு, பயிற்சியாளரோடு அல்ல. பயிற்சியாளர் நாளையே வேறு வேலைக்குப் போகலாம்.

2015 பிப்ரவரியில் இது கண்ணெதிரே நடந்தது. ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ரோக்வான் ஸ்மித் என்ற மாணவர் தொலைக்காட்சியில் தோன்றி, கலிபோர்னியாவிலுள்ள யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தைத் தேர்வு செய்வதாக அறிவித்தார். கையொப்பமிட்ட தாளை மட்டும் இன்னும் அனுப்பவில்லை. அதற்குள், தம்மை நம்பி வரச்சொன்ன துணைப் பயிற்சியாளர் தொழில்முறை அணி ஒன்றுக்குப் போகிறார் என்ற செய்தி எட்டியது. ஸ்மித் தாளை அனுப்பவே இல்லை. பின்னர் தம் மாநிலத்து ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில், அந்த ஒப்பந்தத் தாள் இல்லாமல், நிதியுதவி ஒப்பந்தத்தில் மட்டும் கையொப்பமிட்டுச் சேர்ந்தார். 2018இல் தொழில்முறை அணி அவரை முதல் சுற்றிலேயே தேர்ந்துகொண்டது. அவர் வாக்குத் தவறினார் என்று யாரும் குறை சொல்லவில்லை. முழு உண்மை தெரியாமல் கொடுத்த வாக்கு அது.

ஒரே சொல், பல பொருள்

'ஸ்காலர்ஷிப்' என்ற சொல்லைக் கேட்டவுடன் முழுச் செலவும் கிடைக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மை அப்படியல்ல. 2025 வரை விளையாட்டுகள் இரு வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. பெரிய பல்கலைக்கழகங்களின் கால்பந்து, முதல் பிரிவுக் கூடைப்பந்து, பெண்கள் கைப்பந்து போன்றவற்றில் தலை எண்ணிக்கைதான் கணக்கு. கால்பந்துக்கு 85, பெண்கள் கைப்பந்துக்கு 12 என்று வரம்பு இருந்ததால், கொடுத்தால் முழுமையாகக் கொடுத்தார்கள். மற்ற விளையாட்டுகளில் தொகையைப் பங்கிட்டார்கள். பேஸ்பாலில் 11.7 முழு உதவித்தொகைக்குச் சமமான பணத்தை 27 பேர்வரை பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. அங்கே ஒருவருக்குக் கால் பங்கு கிடைத்தாலும் அதன் பெயர் 'ஸ்காலர்ஷிப்'தான்.

2025 ஜூன் 6 அன்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 'ஹவுஸ்' வழக்கின் உடன்பாட்டுக்கு ஒப்புதல் அளித்தது. அதில் சேர்ந்த கல்லூரிகளில் இப்போது உதவித்தொகைக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. அதற்குப் பதிலாக அணியில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்ற வரம்பு வந்தது. கால்பந்துக்கு 105, பெண்கள் கைப்பந்துக்கு 18. எந்த விளையாட்டிலும் தொகையைப் பிரித்துத் தரலாம். நான் மேலே சொன்ன குடும்பம் ஏமாந்தது இந்த இடத்தில்தான். முன்பு கைப்பந்தில் ஆடிய உறவினர் ஒருவரின் மகளுக்கு முழுத்தொகை கிடைத்ததை வைத்து, தங்களுக்கும் முழுமையாகவே கிடைக்கும் என்று எண்ணிவிட்டார்கள்.

அதே உடன்பாட்டின் இன்னொரு விளைவு நெஞ்சை வருத்துவது. அணியின் எண்ணிக்கை குறைக்கப்பட்டதால், ஏற்கெனவே வாக்குப் பெற்றிருந்த மாணவர்கள் பலரிடம், "உனக்கு இடமில்லை" என்று சொல்லப்பட்டது. அதற்குள் அவர்கள் மற்ற கல்லூரிகளின் அழைப்பையெல்லாம் மறுத்திருந்தார்கள். 2025 ஏப்ரலில் நீதிபதி இதைச் சுட்டிக்காட்டி, சரிசெய்யாமல் ஒப்புதல் இல்லை என்று நிறுத்தினார். அதன்பின், இப்படி இடமிழந்தவர்களை வரம்பில் கணக்கிடாமல் சேர்த்துக்கொள்ளலாம் என்று வழி செய்யப்பட்டது. ஆனால் 'சேர்த்துக்கொள்ளலாம்' என்றுதான் விதி. 'சேர்த்தே ஆக வேண்டும்' என்று இல்லை.

பணம் கூடும்போது வாக்கின் எடை குறைகிறது. 2021 ஜூலை முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்திப் பணம் ஈட்டலாம் என்றானது. ஜேடன் ரஷாடா என்ற மாணவர் 2022 ஜூனில் மயாமி பல்கலைக்கழகத்துக்கு வாய்மொழி உறுதி தந்தார். நவம்பரில் புளோரிடா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். டிசம்பரில் கையொப்பமிட்டார். தமக்கு உறுதியளிக்கப்பட்ட 1 கோடியே 30 லட்சம் டாலருக்கும் அதிகமான தொகை வரவில்லை என்பது அவர் தரப்புக் குற்றச்சாட்டு. 2023 ஜனவரியில் ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். 2024 மே மாதம் பயிற்சியாளர் உள்ளிட்டோர்மீது வழக்குத் தொடர்ந்தார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பிடுவது நம் வேலையல்ல. ஒன்றை மட்டும் கவனிப்போம்: அவர் விட்டுவந்ததும் ஒரு வாக்கு, அவருக்கு உடைந்துபோனதும் ஒரு வாக்கு.

திருச்சபை என்ன சொல்கிறது?

"எல்லாரும் மாற்றுகிறார்கள், சட்டம் தடுக்கவில்லை, எனவே தவறில்லை" என்பது உலகின் வாதம். சட்டம் கட்டாததை மனச்சான்றும் கட்டாது என்று நாம் சொல்ல முடியாது. பேசும்போது 'ஆம்' என்பது ஆமாகவும் 'இல்லை' என்பது இல்லையாகவும் இருக்கட்டும் என்று ஆண்டவர் மலைப்பொழிவில் கற்பித்தார் (மத் 5:37). தனக்கு இழப்பு வந்தாலும் கொடுத்த வாக்கை மாற்றாதவரையே, ஆண்டவரின் கூடாரத்தில் தங்கத் தகுந்தவராகத் திருப்பாடல் 15 காட்டுகிறது. கிபயோனியர் தங்களை ஏமாற்றி உடன்படிக்கை வாங்கினர் என்று மூன்றே நாளில் தெரிந்தபோதும், யோசுவாவும் தலைவர்களும் தாங்கள் ஆணையிட்டுக் கூறியதைக் காத்தார்கள் (யோசு 9). ஊரிலிருந்து தாத்தா சொன்னதும் இதே மரபின் குரல்தான்.

ஆனால் எல்லா வாக்கையும் எந்நிலையிலும் காக்க வேண்டுமா? ஏரோது விருந்தினர் முன் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதாக எண்ணி, திருமுழுக்கு யோவானின் தலையை வெட்டச் செய்தான் (மாற் 6). அது வாக்குத் தவறாமை அல்ல, கொலை. எனவேதான் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, கொடுத்த வாக்கு அறநெறிப்படி நியாயமானதாக இருக்கும் அளவுக்கு அதைக் காக்க வேண்டும் என்று 2410ஆம் எண்ணில் கற்பிக்கிறது. தூய தோமா அக்குவினாரும் இதை அலசியிருக்கிறார். நிறைவேற்றும் எண்ணத்தோடு வாக்களித்தவர் பொய் சொன்னவர் அல்ல. பின்னர் நிறைவேற்றவில்லை என்றால் நம்பிக்கை தவறியவர் ஆகிறார். ஆனால் இரண்டு காரணங்களால் அந்தக் குற்றம் நீங்கலாம் என்கிறார்: வாக்களித்த செயல் தகாததாக இருந்தால், அல்லது ஆள்களின் நிலையும் காரியத்தின் நிலையும் மாறிவிட்டிருந்தால்.

இரண்டாவது காரணத்தைக் கையாளும்போது கவனம் தேவை. 'நிலை மாறிவிட்டது' என்பதும் 'இதைவிட நல்லது கிடைத்துவிட்டது' என்பதும் ஒன்றல்ல. தகப்பனுக்கு வேலை போனது நிலை மாற்றம். அழைத்த பயிற்சியாளர் போய்விட்டது நிலை மாற்றம். பெரிய பெயருள்ள கல்லூரி, பெரிய அரங்கம், தொலைக்காட்சியில் முகம் என்பதெல்லாம் ஆசையின் மாற்றம். இவற்றைப் பிரித்துப் பார்க்க மனச்சான்றை நேர்மையாக ஆராய வேண்டும்.

நம் திருச்சபைச் சட்டத்தில் ஒரு விதி எனக்கு மிகவும் துணையாக இருந்தது. திருமண நிச்சயத்தைப் பற்றிய 1062ஆம் விதி அது. நிச்சயம் செய்துகொண்டவர் பின்வாங்கினால், திருமணம் செய்தே ஆக வேண்டும் என்று அவரை வழக்கிட்டுக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அதனால் மற்றவருக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்யக் கோர முடியும். எவ்வளவு ஞானம் நிறைந்த விதி! வாக்கிலிருந்து விலகும் உரிமை வேறு, விலகியதால் பிறருக்கு வந்த துன்பத்துக்குப் பொறுப்பேற்கும் கடமை வேறு. முதலாவது இருப்பதால் இரண்டாவது இல்லாமல் போய்விடாது.

தூய பவுலின் வாழ்விலும் இப்படி ஒரு நிகழ்வு உண்டு. கொரிந்துக்கு வருவதாக எண்ணியிருந்த அவர் பயணத்தை மாற்றினார். 'ஆம்' என்றும் 'இல்லை' என்றும் மாற்றிப் பேசுபவர் என்ற பழி வந்தது. அவர் அதைப் புறக்கணிக்கவில்லை. ஏன் மாற்றினேன் என்று மனம் திறந்து எழுதினார் (2 கொரி 1:15-24). மாற்ற வேண்டி வந்தால் உரியவரிடம் நேரே காரணம் சொல்ல வேண்டும் என்பதற்கு அவரே நமக்கு எடுத்துக்காட்டு.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்றார் ஆண்டவர் (லூக் 14:28). வாக்குக் கொடுக்கும் முன்பே கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள். எத்தனை விழுக்காடு உதவி? ஓராண்டுக்கா, நான்கு ஆண்டுக்கா? காயம் பட்டால் தொடருமா? 1973 முதல் இந்த உதவித்தொகை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதாக மட்டுமே இருந்தது. 2012 முதல்தான் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துத் தர விதி இடம் தந்தது. ஆகவே இந்தக் கேள்வி மிக முக்கியம்.

இந்த அழைப்பை இன்றே ஏற்றால் இடம் உறுதியா என்றும் கேளுங்கள். இருக்கும் இடங்களைவிட அதிகமானவர்களை வாயால் அழைத்துவைத்து, முதலில் வருபவருக்குக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. 2010இல் லூசியானாவில் ஒரு மாணவர், விடுதி அறையில் குடியேறிய பின், இந்த ஆண்டு உதவித்தொகை இல்லை, சில மாதம் கழித்துச் சேர் என்று கேட்டுக்கொள்ளப்பட்டார். அது கையொப்பமிட்ட மாணவருக்கே நேர்ந்தது.

அழைப்பது பயிற்சியாளர்தான் என்றாலும், சேர்த்துக்கொள்வது கல்லூரியின் சேர்க்கை அலுவலகம். முதல் பிரிவில் ஆட 16 அடிப்படைப் பாடங்களும், அவற்றில் 2.3 சராசரி மதிப்பெண்ணும் குறைந்தபட்சம் வேண்டும். படிப்பு தவறினால் எந்த வாக்கும் காப்பாற்றாது. விளையாட்டே இல்லாமல் போனாலும் இந்தக் கல்லூரியில் என் பிள்ளை மகிழ்ச்சியாகப் படிக்குமா என்று உங்களையே கேட்டுப்பாருங்கள். 2018 ஜூனில் திருப்பீடம் விளையாட்டைப் பற்றி ஓர் ஏட்டை வெளியிட்டது. விளையாட்டு மனிதருக்காகவே தவிர, மனிதர் விளையாட்டுக்கான கருவி அல்லர் என்பது அதன் உட்பொருள்.

வாக்குறுதிப் பேச்சில் ஒரு பக்கம் 16, 17 வயதுப் பிள்ளை. மறுபக்கம் ஊதியம் வாங்கும், அனுபவமுள்ள பெரியவர். இருவரும் ஒரே தராசில் நிற்பவர்கள் அல்லர். ஆகவே பிள்ளையின் வாக்குத் தவறுதலைக் கடிந்துகொள்ளும் முன், பெரியவர்கள் தெளிவாகப் பேசினார்களா என்று கேட்க வேண்டும். கத்தோலிக்கக் கல்லூரிகள் இதில் முன்மாதிரியாக விளங்க வேண்டும் என்பது என் தாழ்மையான விருப்பம்.

அந்தப் பிள்ளை என்ன செய்தாள்?

நான் அந்தக் குடும்பத்திடம் மூன்று காரியங்களைச் சொன்னேன். மனம் மாறுவதற்கான காரணத்தை ஒரு தாளில் எழுதி, அதில் தேவை எது, ஆசை எது என்று பிரித்துப் பாருங்கள். பெரிய பல்கலைக்கழகத்துக்குச் சரி என்று சொல்லும் முன், முதலில் வாக்குக் கொடுத்த பயிற்சியாளரிடம் மகளே பேசட்டும். அப்படிப் பேசுவது குறுஞ்செய்தியில் வேண்டாம், குரலில் இருக்கட்டும்.

மகள் தொலைபேசியில் பேசினாள். வீட்டு நிலையைச் சொன்னாள். தொகையைக் கூட்ட முடியுமா என்று கேட்டாள். முடியாது என்றார் பயிற்சியாளர். பிறகு அவர் சொன்ன ஒன்று அவளை அழவைத்தது. "உனக்காக இந்த இடத்தை வைத்துக்கொண்டு, இரண்டு பேரிடம் இடமில்லை என்று சொல்லிவிட்டேன்." தன் ஒரு சொல்லுக்குப் பின்னால் முகம் தெரியாத இரண்டு பெண்பிள்ளைகள் இருந்ததை அவள் அதுவரை நினைத்துப் பார்க்கவே இல்லை. "அவர்களில் யாருக்காவது இன்னும் இடம் கிடைக்காமல் இருந்தால், தயவுசெய்து இன்றே அழையுங்கள்" என்று கேட்டுக்கொண்டாள். ஒருவர் இன்னும் எங்கும் சேராமல் இருக்கிறார் என்றார் பயிற்சியாளர். கையொப்ப நாளுக்கு மூன்று வாரம் இருந்தது. அவள் நவம்பர்வரை மௌனமாக இருந்திருந்தால் அந்த வழியும் அடைபட்டிருக்கும்.

பெரிய பல்கலைக்கழகத்தில்தான் சேரப்போகிறாள். தாத்தாவுக்கு இன்னும் முழு மனநிறைவு இல்லை. "மாத்துனது மாத்துனதுதான்" என்கிறார். அவர் சொல்வதிலும் உண்மை உண்டு. "ஃபாதர், சுமை குறைஞ்ச மாதிரி இருக்கு, ஆனா முழுசாப் போகல" என்றாள் மகள். அது முழுதும் போகாமல் இருப்பதே நல்லது என்று சொன்னேன். அந்தச் சிறு கனம் அடுத்த முறை அவள் 'ஆம்' என்று சொல்லும் முன் அவளைச் சற்று நிறுத்தும்.

அன்பர்களே, நாமும் தினமும் வாக்குக் கொடுக்கிறோம். "நாளைக்கு வந்து பார்க்கிறேன்" என்று நோயாளியிடம், "உனக்காகச் செபிக்கிறேன்" என்று துயருற்றவரிடம். இவற்றில் கையொப்பம் ஏதுமில்லை. ஆயினும் மறுமுனையில் ஒருவர் அந்தச் சொல்லை நம்பிக் காத்திருக்கிறார். இன்று இரவு படுக்குமுன், நாம் சொல்லி மறந்த ஒரு வாக்கையாவது நினைவுக்குக் கொண்டுவருவோம். முடிந்தால் நிறைவேற்றுவோம். முடியாவிட்டால் உரியவரிடம் போய்ச் சொல்வோம்.

செபம்: ஆண்டவரே, உம் வாக்கு என்றும் மாறாதது. எங்கள் நாவு அவசரப்படும்போது எங்களைத் தடுத்தருளும். கொடுத்த வாக்கைக் காக்கத் துணிவும், காக்க முடியாதபோது உண்மையை ஒளிக்காத மனமும் தாரும். வாழ்வின் வாசலில் நின்று முடிவெடுக்கும் எங்கள் பிள்ளைகளைத் தூய ஆவியாரின் ஒளியால் வழிநடத்தும். ஆமென்.